லோகோ டிசைனருக்கு மீதிக் காசைக் கொடுக்கலாமா, வேண்டாமா?

மிளகாய்க்காரி
திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் மச்சாளும் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே யாழ்ப்பாணக் கறித்தூள் வறுத்துத் திரித்து விற்கிறோம். இரண்டு வருடமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான். இப்போது காலி வீதியில் இரண்டு கடைகள் எங்கள் தூளை வைக்கச் சம்மதித்திருக்கின்றன. அதில் ஒரு முதலாளி, "லேபிள் இல்லாமல் தட்டில் வைக்க மாட்டேன் பிள்ளை" என்று சொல்லிவிட்டார். லோகோ தேவைப்பட்டது அதனால்தான்.

நண்பி ஒருத்தி மூலம் தனியாக வீட்டிலிருந்து டிசைன் செய்யும் ஒரு சிங்களத் தம்பி கிடைத்தார். 20,000 ரூபாய் பேசி, பாதியை முற்பணமாகக் கொடுத்தேன். பத்து நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். இது ஏழாவது வாரம். பதினொரு தடவை மாற்றியாகிவிட்டது. கடைசியாக அனுப்பியதிலும் எங்கள் பெயரின் கடைசி எழுத்தான 'லை' பிழை. ஐகாரக் கொம்பு ல-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது.

நேற்று அவரிடமிருந்து ஒரு செய்தி. இனி மாற்றுவதென்றால் மேலதிகக் காசாம். மீதி 10,000 வந்த பிறகுதான் மூலக் கோப்பாம். எனக்குச் சரியான கோபம். என் கையில் இருப்பது வட்ஸ்அப்பில் வந்த படம் மட்டும். அதை வைத்தே வேறு யாரிடமாவது 'லை'யைத் திருத்தி லேபிள் அடித்துவிட்டு, இவரை அப்படியே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். பாதிக் காசு கொடுத்திருக்கிறேன், அப்படியென்றால் பாதி லோகோவாவது என்னுடையதுதானே?


காலிவீதிக்காரன்
திங்கள், இரவு 9.31

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எழுத்துப் பிழையோடு தருவதெல்லாம் ஒரு வேலையா? நான் என்றால் முற்பணத்தையும் திருப்பிக் கேட்பேன். அதோடு ஒரு படத்துக்கு 20,000 ரூபாயா? என் மகளே கொம்பியூட்டரில் அரை மணித்தியாலத்தில் செய்து தருவாள்.


அச்சுமை
திங்கள், இரவு 9.58

கொட்டாஞ்சேனையில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். காசுக் கதையை மற்றவர்கள் பேசட்டும். வட்ஸ்அப் படத்தை வைத்து லேபிள் அடிக்கும் யோசனையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள் பிள்ளை.

வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். உங்களுக்கு வந்தது 800 புள்ளி (பிக்சல்) அகலம் என்று வைத்துக்கொள்வோம். அச்சில் நாங்கள் கேட்பது அங்குலத்துக்கு 300 புள்ளி. இரண்டரை அங்குல லேபிளுக்கு ஒருவாறு சமாளிக்கலாம், அதிலும் விளிம்பு பிசிறும். நாளைக்கு அதே படத்தை 8 அடிப் பெயர்ப்பலகைக்குக் கொண்டுவருவீர்கள். 8 அடி என்பது 96 அங்குலம். அங்குலத்துக்கு எட்டுப் புள்ளிதான் வரும். வீதிக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கே சதுரம் சதுரமாகத் தெரியும்.

வாரத்துக்கு நாலு பேராவது இப்படிப் படத்தைக் காட்டி "அங்கிள், இதைக் கொஞ்சம் கிளியராக்கித் தாங்கோ" என்பார்கள். கிளியராக்க முடியாது, முதலிலிருந்து வரையத்தான் முடியும். அதற்கு நானும் காசு வாங்குவேன். அவரிடம் இருக்கும் மூலக் கோப்பு புள்ளிகளால் ஆனது அல்ல. கோடும் வளைவுமாகக் கணக்கில் இருப்பது. முத்திரை அளவிலும் அடிக்கலாம், லொறியின் பக்கத்திலும் அடிக்கலாம். அந்த 10,000 ரூபாயின் பெறுமதியே அந்தக் கோப்புத்தான்.


பெட்டாநானா
திங்கள், இரவு 10.20

தங்கச்சி, முதலில் அந்தப் படம் அவர் வரைந்ததுதானா என்று பாருங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெட்டாவில் பிள்ளைகள் உடுப்புக் கடை. மூன்று வருடத்துக்கு முன்பு ஒருவர் 5,000 ரூபாய்க்கு ஒரு முயல்குட்டி லோகோ செய்து தந்தார். வடிவான முயல். ஆறு மாதம் கழித்துத் தெஹிவளையில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தின் வாசலில் அதே முயல், அதே காது, அதே சிரிப்பு. கோபத்தோடு போய்க் கேட்டால் அந்த அம்மா, "நீங்கள்தான் எங்களுடையதைத் திருடியிருக்கிறீர்கள்" என்கிறார். கடைசியில் பார்த்தால் இரண்டு பேருக்கும் கேன்வா என்ற இணைய டிசைன் தளத்தில் கிடந்த ஒரே முயல்தான்.

கேன்வாவில் போஸ்டர், பேஸ்புக் பதிவு எதுவும் செய்யலாம், குற்றமில்லை. ஆனால் அங்கே ஆயத்தமாக இருக்கும் படத்தை லோகோவில் போட்டால் அதை வர்த்தகக் குறியாகப் பதிய அவர்களுடைய நிபந்தனையே விடாது. உலகத்தில் யாரும் எடுக்கக்கூடிய படம், உங்களுக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? அந்த முயலை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய எனக்கு 35,000 போனது. பைகள், போர்ட், விசிட்டிங் கார்ட் எல்லாம் வேறு.


மிளகாய்க்காரி
திங்கள், இரவு 10.41

இல்லை நானா, இது அவர் கையால் வரைந்ததுதான். பென்சில் படங்களும் அனுப்பியிருந்தார். அதில் குறை சொல்ல முடியாது.


கோடும்புள்ளியும்
திங்கள், இரவு 11.15

ஒன்பது வருடமாக நானும் டிசைன் தொழில்தான், தெஹிவளையிலிருந்து. ஒரு சின்னக் கேள்வி அக்கா. வேலை தொடங்கும்போது அவர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா? என்ன பதில் கொடுத்தீர்கள்? பதினொரு மாற்றம் என்பது ஒரு ஆளால் மட்டும் நடக்கிற காரியமில்லை.


மிளகாய்க்காரி
திங்கள், இரவு 11.22

ஏதோ கேட்டார். நானும் பதில் சொன்னேன். பிரச்சினை அதுவல்ல.


சட்டப்புள்ளி
செவ்வாய், காலை 7.05

சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் சத்தியப்பிரமாணம் எடுக்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

'பாதிக் காசு, பாதி லோகோ' என்று ஒன்று இல்லை. முழுக் காசு கொடுத்தால்கூடத் தானாக உங்களுக்கு வந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். சம்பளத்துக்கு வைத்த ஊழியர் தன் வேலையின் பகுதியாகச் செய்தால்தான் பொருளாதார உரிமை முதலாளிக்குப் போகும், அதுவும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருக்காவிட்டால். உங்கள் டிசைனர் உங்களிடம் சம்பளம் வாங்குபவர் அல்ல. அவரிடமிருந்து உரிமை உங்களுக்கு வர வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு பேரும் கையொப்பம் வைத்திருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் 'ஓகே அக்கா' என்று வந்தது போதாது.

இன்னொருவரைக் கொண்டு 'லை'யை மாற்றி அடித்தால், அவருடைய படைப்பை அனுமதியில்லாமல் மாற்றிப் பயன்படுத்தியதாகிவிடும். பதிப்புரிமைக்கு நம் நாட்டில் எங்கும் பதியத் தேவையில்லை. வரைந்த கணத்திலிருந்து இருக்கிறது, வரைந்தவர் காலமாகி 70 வருடம் வரை இருக்கும். அந்தத் தம்பிக்கு வயது இருபத்தைந்து என்றால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை கணக்குப் பாருங்கள்.


காலிவீதிக்காரன்
செவ்வாய், காலை 7.40

சும்மா பயமுறுத்தாதீர்கள் தம்பி. ஒரு கறித்தூள் லேபிளுக்காக யார் வழக்குப் போடப்போகிறான்?


சட்டப்புள்ளி
செவ்வாய், காலை 7.52

இன்றைக்குப் போட மாட்டார் அண்ணா. கறித்தூள் நன்றாக ஓடி, லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் பெட்டி பெட்டியாகப் போகத் தொடங்கும்போதுதான் அந்தக் கடதாசியைத் தேடுவார்கள்.

இன்னொன்று. வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிட்டோம், அதனால் பெயர் எங்களுடையது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு. வர்த்தகக் குறியைப் பதிவது டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். பதிந்தால் 10 வருடம், பிறகு பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம். பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் கறித்தூள் 30ஆம் வகுப்பு. நாளைக்கு ஊறுகாயும் போடத் தொடங்கினால் அது 29. முதலில் லோகோ உங்கள் கைக்கு ஒழுங்காக வரட்டும். பிறகு அங்கே போகலாம்.


ஹட்டன்தேயிலை
செவ்வாய், காலை 8.30

பேச்சோடு பேச்சாக என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் இருந்துகொண்டு ஊர்த் தேயிலையைச் சின்னப் பைக்கற்றில் விற்கிறேன். முதல் லேபிளுக்கு டிசைனரிடம் "நல்ல சிங்கம் ஒன்று போடுங்கள், சிலோன் டீ என்றால் சிங்கம்தானே" என்றேன். அவரும் ஏற்கெனவே உள்ள சிங்க முத்திரையைப் பார்த்து, வாலைக் கொஞ்சம் வளைத்து வரைந்து தந்தார். ஆயிரம் லேபிள் அடித்தாயிற்று. பிறகுதான் ஒரு பெரியவர் சொன்னார், அந்தச் சிங்கம் இலங்கைத் தேயிலைச் சபையின் பதிந்த குறி என்று. முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்து, அவர்களுடைய தரத்துக்கும் உட்பட்டால், அனுமதி வாங்கித்தான் போடலாம். என் தேயிலை சுத்தமான இலங்கைத் தேயிலைதான். அனுமதிதான் இல்லை. ஆயிரம் லேபிளும் இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, பின்பக்கத்தில் கணக்கு எழுதுகிறேன்.


வாசலில்வேம்பு
செவ்வாய், காலை 9.14

சிங்கத்தை விடுங்கள். யாழ்ப்பாணம் என்று பெயர் வந்தால் பனைமரம் இல்லாத லோகோ ஒன்றை யாராவது கண்டிருக்கிறீர்களா? வெள்ளவத்தையில் ஒரு கடைத் தட்டைப் பாருங்கள். ஒடியல் மா, பனங்கட்டி, மோர்மிளகாய், எள்ளுருண்டை, எல்லாவற்றிலும் ஒரு பனை. தூர நின்று பார்த்தால் தோப்பு மாதிரி இருக்கும்.

மிளகாய்க்காரி அக்கா, உங்களுடையதிலும் பனையா?


மிளகாய்க்காரி
செவ்வாய், காலை 9.30

மூன்றாவது மாற்றத்தில் பனை வந்தது. ஆறாவதில் போனது.


கறித்தூள்_பங்காளி
செவ்வாய், பிற்பகல் 1.48

நான்தான் அந்த மச்சாள். இந்த இழையை என் தங்கச்சி அனுப்பினாள். இதற்காகவே கணக்குத் திறந்தேன்.

ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தத் தம்பி முதல் நாளே ஏழு கேள்வி அனுப்பினார். யார் வாங்குகிறார்கள், எந்தக் கடையில், பைக்கற்றின் அளவு என்ன, பை என்ன நிறம், என்னென்ன மொழி வேண்டும், உங்களுக்குப் பிடித்த, பிடிக்காத லேபிள்கள் எவை, கடைசி முடிவு யாருடையது. என் மச்சாள் போட்ட பதில் இது, அப்படியே சொல்கிறேன்: "உங்களுக்குத் தெரியாததா தம்பி, வடிவா ஒன்று செய்யுங்கோ."

பிறகு முதல் வரைவு வந்ததும் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டாள். பதினாலு பேர். கனடா மாமா பனை கேட்டார். சித்தி உரலும் உலக்கையும் கேட்டார். என் கணவர் நல்லூர்க் கோபுரத்தைப் போட்டால் என்ன என்றார், கறித்தூளுக்குக் கோபுரம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாமனாருக்குப் பழைய 'லை' வேண்டும், அந்த யானைத் தும்பிக்கை மாதிரித் தலையில் வளைந்திருக்குமே, அது. இதெல்லாவற்றையும் இவள் அப்படியே அந்தத் தம்பிக்குத் தட்டிவிட்டாள். அவருக்கு எது எங்கள் முடிவு, எது மாமாவின் ஆசை என்று எப்படித் தெரியும்?

மச்சாள், வீட்டுக்கு வந்து கத்தாதே. இங்கேயே கத்து.


வாசலில்வேம்பு
செவ்வாய், பிற்பகல் 1.55

பொப்கோர்ன் எடுத்து வருகிறேன்.


கோடும்புள்ளியும்
செவ்வாய், பிற்பகல் 3.20

நன்றி பங்காளி அக்கா. நான் நேற்றுக் கேட்டது இதைத்தான்.

கேள்வி கேட்காமல் வரையத் தொடங்குகிற டிசைனர்தான் ஆபத்தானவர். உங்களுடையவர் சரியான கேள்வி கேட்டிருக்கிறார். பதில் இல்லாமல் தொடங்கியது அவருடைய பிழை. நான் என்றால் அந்த ஏழுக்கும் பதில் வரும் வரை முற்பணத்தையே வாங்க மாட்டேன். எத்தனை தடவை இலவசமாக மாற்றுவேன் என்று முதலிலேயே எழுதாததும் அவர் பிழைதான். நான் மூன்று சுற்று என்று எழுதுவேன். சுற்று என்றால் எல்லாக் குறையையும் சேர்த்து ஒரே செய்தியில் அனுப்புவது. காலையில் நிறம், மத்தியானம் எழுத்து, இரவு பதினொரு மணிக்கு "சித்தி சொல்கிறா உரலைக் கொஞ்சம் சரிக்கச் சொல்லி" என்று வந்தால் அது சுற்று அல்ல, தலைச்சுற்று.

அந்த ஏழு கேள்வியில் ஒன்றை மட்டும் எடுக்கிறேன், ஏனென்றால் அதில் உங்கள் காசு இருக்கிறது. "பை என்ன நிறம்?" அக்கா, உங்கள் பை என்ன நிறம்? லோகோ என்ன நிறம்?


மிளகாய்க்காரி
செவ்வாய், பிற்பகல் 3.44

பை நிறமில்லாதது, உள்ளே இருக்கும் தூள் தெரிய வேண்டும் என்பதற்காக. பையிலேயே நேரடியாக அச்சடிக்கப் போகிறோம். லோகோ சிவப்பு. மிளகாய் என்பதால் நான்தான் சிவப்புக் கேட்டேன்.

ஐயோ.


கோடும்புள்ளியும்
செவ்வாய், மாலை 4.02

ஓம். சிவப்புத் தூளுக்கு மேலே சிவப்பு எழுத்து. கடைத் தட்டில் இரண்டடி தள்ளி நின்றால் பெயரே தெரியாது. பிழையே இல்லாமல் வரைந்த லோகோவைப் போட்டாலும் தெரியாது. அவர் பையைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான். கைத்தொலைபேசித் திரையில் வெள்ளைப் பின்னணியில் பார்த்துவிட்டு நாம் எல்லோரும் "சூப்பர்" என்கிறோம். தூள் வெள்ளை இல்லையே.

இதற்கு வழி கஷ்டமில்லை. அடியில் வெள்ளை அடித்து அதன் மேல் சிவப்பு அடிக்கலாம், அல்லது வெளிர் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். ஆனால் டிசைனருக்கு அது முன்பே தெரிந்திருந்தால் லோகோவையே வேறுவிதமாக யோசித்திருப்பார். எந்த லோகோவையும் முதலில் கறுப்பு வெள்ளையில் வரையச் சொல்லுங்கள். கறுப்பில் நிற்கும் உருவம் எந்த நிறத்திலும் நிற்கும். பற்றுச்சீட்டில் அடிக்கும் இறப்பர் முத்திரைக்கு நிறமே கிடையாது, அதையும் யோசியுங்கள்.


அச்சுமை
செவ்வாய், மாலை 5.10

'லை' விஷயத்தை ஒருவரும் தொடவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாததால் வந்த பிழை என்று நினைக்கிறீர்கள். பாதிதான் உண்மை.

முன்பு கொழும்பில் தமிழ் வேலை என்றால் பாமினி எழுத்துருதான். அதில் தட்டினால் கொம்பியூட்டருக்கு அது தமிழ் என்றே தெரியாது, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்ட கதை. கொம்பை முதலில் தட்டி, ல-வைப் பிறகு தட்டுவோம். எழுத்து உடையாது. ஆனால் பாமினி இல்லாத இடத்தில் கோப்பைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். இப்போது எல்லோரும் யூனிகோடில் அனுப்புகிறீர்கள். யூனிகோடில் ல முதலில் சேமிக்கப்படும், கொம்பு பிறகு. திரையில் காட்டும்போது மென்பொருள்தான் கொம்பை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான தெரிவைத் திறந்து, பத்தி அமைப்பில் தெற்காசிய முறையைத் தெரிவு செய்யாவிட்டால் அது கொண்டுவராது. வட்ஸ்அப்பில் சரியாக இருந்த சொல் அங்கே ஒட்டியதும் உடைந்துவிடும். தமிழ் தெரிந்தவன் உடனே காண்பான். அந்தப் பிள்ளைக்கு எல்லாமே கோலம்தான்.

அதனால் தமிழ் தெரியாதவரிடம் வேலை கொடுக்கும்போது சொல்லைத் தட்டி அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். சரியாகத் தெரிகிற திரையைப் படம் பிடித்து, அல்லது கடதாசியில் எழுதிப் படம் எடுத்து, அதையும் அனுப்புங்கள். "இது மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழை" என்று சொல்லுங்கள். கடைசிக் கோப்பில் எழுத்தை அவுட்லைன் எடுத்து, அதாவது எழுத்துரு தேவையில்லாத கோட்டு வடிவமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். அப்போது என் கொம்பியூட்டரில் திறந்தாலும் உடையாது.

மாமனாருக்கு என் வணக்கம். அந்தத் தும்பிக்கை 'லை'யில்தான் நானும் படித்தேன். தமிழ்நாட்டில் 1978இல் அரசாணை போட்டு அதை மாற்றினார்கள். இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலும் புது வடிவத்தில்தான் வருகின்றன. பழையது வேண்டுமென்றால் கையால் வரைய வேண்டும். வரைந்தால் உண்மையிலேயே வடிவாக இருக்கும்.


காலிவீதிக்காரன்
செவ்வாய், இரவு 8.15

சரி, எழுத்துக் கதை விளங்கியது. ஆனாலும் விலை எனக்கு இன்னும் விளங்கவில்லை. நைக்கியின் லோகோவே 35 டொலருக்குச் செய்தது என்று எங்கோ வாசித்தேன். உலகத்துக்கே தெரிந்த அடையாளம்!


கோடும்புள்ளியும்
செவ்வாய், இரவு 8.50

வாசித்தது சரி அண்ணா. 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி செய்தார், வாங்கியது 35 டொலர்தான். பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். 1983இல் அந்த நிறுவனமே அவரைக் கூப்பிட்டுப் பங்குகள் கொடுத்தது. அந்தக் காசு காணாது என்று கொடுத்தவர்களுக்கே பட்டிருக்கிறது.

மற்றப் பக்கமும் இருக்கிறது. 1986இல் ஸ்டீவ் ஜொப்ஸ் தன் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு லோகோ கேட்டு போல் ராண்ட் என்ற டிசைனரிடம் போனார். விலை ஒரு இலட்சம் டொலர். சில மாதிரிகள் காட்டுவீர்களா என்று கேட்டதற்கு, ஒன்றுதான் தருவேன் என்றார் அந்த மனிதர். ஒன்றுதான் கொடுத்தார், ஏன் அப்படி என்பதை விளக்கி ஒரு சிறு புத்தகத்தோடு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை, மூன்று மாதிரி காட்டுவேன். பத்துக் காட்டினால் ஆட்கள் முதலாவதின் தலையையும் ஐந்தாவதின் வாலையும் ஒட்டச் சொல்வார்கள்.

உங்கள் மகள் அரை மணித்தியாலத்தில் வரையலாம். மறுக்கவில்லை. வரைவது குறைந்த வேலை. எதை விட வேண்டும் என்று முடிவு செய்யத்தான் நாள் போகிறது.


பெட்டாநானா
செவ்வாய், இரவு 9.25

வெளிநாட்டில் ஆள் பிடிப்போம் என்று ஃபைவர் என்ற இணையத் தளத்திலும் முயன்றேன். அங்கே ஒரு வசதி, ஓர்டர் முடிந்ததும் விற்பவர் வேறாகச் சொல்லியிருக்காவிட்டால் உரிமை வாங்கியவருக்கு வந்துவிடும். விற்பவரின் காசில் 20 வீதத்தை அந்தத் தளம் எடுத்துக்கொள்கிறது, அதனால் அவரும் அதைச் சேர்த்துத்தான் விலை சொல்வார். வேலையைக் கையளித்த பிறகு மூன்று நாள் நாம் பேசாமல் இருந்தால் முடிந்ததாகவே எடுத்துவிடும். நான் நோன்புப் பெருநாள் அலுவலில் மறந்துபோனேன், முடிந்தது கதை. சிங்களமும் தமிழும் அங்கே யாருக்கும் ஓடவில்லை, கடைசியில் ஆங்கிலம் மட்டும்தான் செய்து எடுத்தேன். மூன்று மொழி வேண்டுமென்றால் இங்கே உள்ள ஆள்தான் நல்லது. டீக்கடையில் உட்கார்ந்து கதைக்கலாம்.


கோடும்புள்ளியும்
செவ்வாய், இரவு 9.47

நானா சொன்ன மூன்று மொழி முக்கியம். ஆங்கிலத்தில் லோகோவை முடித்துவிட்டு, கடைசி நாள் "சிங்களத்தையும் தமிழையும் கீழே போட்டுவிடுங்கள்" என்பார்கள். சிங்கள எழுத்து உருண்டை, தமிழ் எழுத்துக்கு மூலை அதிகம், அகலமும் கூட. மூன்றும் ஒரே தடிப்பில் தெரிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரி செய்ய வேண்டும். நோட்டோ என்ற எழுத்துருக் குடும்பத்தில் தமிழும் சிங்களமும் ஒன்றுக்கொன்று பொருந்துவது போல இருக்கின்றன, இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். எங்கிருந்தோ இறக்கிய, அனுமதி தெரியாத எழுத்துருவில் லோகோ செய்யாதீர்கள். அந்தத் தம்பி எந்த எழுத்துரு பாவித்தார் என்றும் கேட்டு வையுங்கள்.


மிளகாய்க்காரி
புதன், இரவு 10.30

மச்சாளோடு ஒரு நாள் கதைக்காமல் இருந்தேன். பிறகு வறுக்கிற நாள் வந்தது, அடுப்படியில் கதைக்காமல் எப்படி இருக்கிறது.

அவள் சொன்னது உண்மை. அந்தத் தம்பியோடு இருந்த முழு உரையாடலையும் மேலே போய் வாசித்தேன். ஏழு கேள்விக்கும் நான் கொடுத்த பதிலைப் பார்க்க எனக்கே வெட்கம். ஆறாவது வாரம் இரவு 11.40க்கு அனுப்பிய ஒரு செய்தியில் "மாமா இன்னும் திருப்திப்படவில்லை" என்று எழுதியிருக்கிறேன். எந்த மாமா என்றுகூட அவருக்குத் தெரியாது.

இன்று பின்னேரம் பம்பலப்பிட்டியில் சந்தித்தோம். நான், மச்சாள், அவர். கையில் ஒரு பைக்கற்றும் கொண்டுபோனேன். அதை மேசையில் வைத்ததும் அவர் முதல் சொன்னது, "அக்கே, இது சிவப்பு." பிறகு மூன்று பேரும் சிரித்தோம்.

ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். சட்டப்புள்ளி சொன்னபடி, மீதிக் காசு கிடைத்ததும் உரிமை எங்களுக்கு, அவர் தன் வேலைகளின் தொகுப்பில் காட்டிக்கொள்ளலாம். இன்னும் இரண்டு சுற்று, அதற்கு மேலதிகமாக 4,000. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது, மச்சாள் 3,000 என்று இழுத்துப் பார்த்தாள். என்னென்ன கோப்பு என்பதையும் எழுதினோம்: அச்சுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, கறுப்பு மட்டும் ஒன்று, வெள்ளை மட்டும் ஒன்று, எழுத்து எல்லாம் அவுட்லைன் எடுத்தது. முடிவு சொல்வது மச்சாள் மட்டும். நான் இல்லை. அதையும் எழுத்தில் போட அவள் வற்புறுத்தினாள்.

குடும்பக் குழுவில் இனி லோகோ வராது. கடையில் பார்த்துக்கொள்ளட்டும்.


சட்டப்புள்ளி
புதன், இரவு 10.52

கையெழுத்து இரண்டு பக்கமும் இருக்கிறதுதானே? அவருடையது மட்டும் அல்ல, உங்களுடையதும்.


மிளகாய்க்காரி
புதன், இரவு 10.55

மூன்று கையெழுத்து இருக்கிறது. மச்சாள் பேனையைப் பறித்து வைத்தாள்.


கறித்தூள்_பங்காளி
இரண்டு வாரம் கழித்து, சனி, காலை 11.05

கோப்புகள் வந்துவிட்டன. அச்சுமை அங்கிளிடம்தான் ஸ்டிக்கர் அடித்தோம், முதலில் இருபது மட்டும். வெளிர் மஞ்சள் அடி, கரும்பச்சை எழுத்து. படம் ஒன்றும் இல்லை, உரல் இல்லை, பனை இல்லை. பெயர் மட்டும். கடைசி 'லை'யை அவர் கையால் வரைந்திருக்கிறார், மாமனாரின் பழைய கொப்பி ஒன்றைப் பார்த்து, தும்பிக்கையோடு. தமிழ் தெரியாத ஆள் அந்த வளைவை நாலு நாள் இருந்து வரைந்தாராம். மாமனார் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்டிக்கரைத் தன் மருந்துப் பெட்டியில் ஒட்டிவிட்டார்.

சின்னப் பிள்ளைகள் சிலருக்கு அந்த 'லை'யை வாசிக்கக் கொஞ்சம் இடறுகிறது. கீழே ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருப்பதால் விட்டுவிட்டோம்.


அச்சுமை
சனி, பிற்பகல் 12.20

கோப்பு சுத்தமாக இருந்தது. திறந்தேன், அடித்தேன், அவ்வளவுதான். மாதத்துக்கு ஒருக்கா இப்படி வந்தால் எனக்கு இரத்த அழுத்தமே வராது.


காலிவீதிக்காரன்
சனி, மாலை 6.33

250 கிராமில் இரண்டு பைக்கற் எடுத்து வையுங்கள், திங்கள் வருகிறேன். அந்தத் தம்பியின் நம்பரையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கடைப் போர்ட் மாற்ற வேண்டும். மகள் செய்து தந்ததை அச்சுமை அங்கிளிடம் கொண்டுபோனேன், 800 புள்ளியாம்.